ஹப் மோட்டார் எம்டிபி: புது செயின் போட்டும் 7-ஆம் கியரில் தாவுது. 9 ஸ்பீடுக்கு மாறினால் தீருமா?

கண்மாய்க்கரை (காரைக்குடி):

வணக்கம். வண்டி 27.5 இன்ச் எலெக்ட்ரிக் எம்டிபி (மவுண்டன் பைக்). பின் சக்கரத்து நடுவுல (ஹப்) பதிச்ச 250 வாட் ஹப் மோட்டார், 36 வோல்ட் பேட்டரி. முன்னாடி 42-34-24 மூணு செயின்வீல், பின்னாடி 7 கியர், 14-28 பல். 3,400 கி.மீ. ஓடியிருக்கு. பாதி தார் ரோடு. மீதி கானாடுகாத்தான், ஆத்தங்குடி பக்கத்துச் செம்மண் பாதை, கண்மாய்க்கரை, தைலமரக்காடு.

பிரச்சினை இதுதான். 7-ல, அதாவது சின்னப் பல்லுல, எழுந்து நின்னு மிதிச்சா செயின் டக்குனு தாவுது. ரெண்டு வாரம் முன்னாடி புது செயின் மாத்தினேன், அதுக்கப்புறம் குறையாம இன்னும் கூடிடுச்சு. 6-லயும் லேசா இருக்கு. 3, 4-ல சுத்தமா இல்லை.

ரெண்டாவது, பெரிய பல்லுக்கு ஏத்தும்போது உடனே ஏறுது. சின்னதுக்கு இறக்கும்போது, அதாவது 3-லேர்ந்து 4, 4-லேர்ந்து 5, லீவரைத் தட்டி ரெண்டு மூணு சுத்து கழிச்சுத்தான் விழுது.

மூணாவது, ஓடும்போது விட்டுவிட்டு ஒரு 'டிக்' சத்தம். எங்கேர்ந்து வருதுன்னு பிடிபடலை.

கடையில 9 ஸ்பீடு கேசட் (பின் பல்லடுக்கு), 11-36 போட்டா எல்லாம் தீர்ந்துடும்கிறாங்க. இன்னொருத்தர் மோட்டாரையே கழட்டிட்டு பெடல் அச்சுல மாட்டுற மிட் டிரைவ் மோட்டார் கிட் போடச் சொல்றார். எதை முதல்ல பார்க்கணும்?

செம்புராங்கல்:

கேசட் வாங்காதீங்க. உங்க சக்கரத்துல அது ஏறாது.

கேசட் ஏற ஹப்பில் வரிவரியாகப் பள்ளம் வெட்டிய ஃப்ரீஹப் இருக்கணும். இந்த மாதிரி 7 கியர் ஹப் மோட்டார்களில் பெரும்பாலும் இருப்பது மரை மட்டும்தான். 1.375 இன்ச் விட்டம், இன்ச்சுக்கு 24 மரை. அதில் ஃப்ரீவீலை முழுசாகத் திருகி ஏற்றியிருப்பார்கள். சாதாரண கியர் சைக்கிளில் இருக்கும் அதே ஃப்ரீவீல்தான். சந்தேகம் இருந்தால் பெடலைப் பின்னோக்கிச் சுற்றிவிட்டு சின்னப் பல்லுக்கு நடுவே பாருங்கள். டூல் மாட்டும் பள்ளங்கள் சக்கரத்தோடு அசையாமல் நின்று, பல் மட்டும் சுற்றினால் ஃப்ரீவீல். பல்லோடு சேர்ந்து நடுப்பகுதியும் சுற்றினால் கேசட்.

தாவுவதன் காரணம் நீங்க எழுதினதிலேயே இருக்கு. தேஞ்ச பல்லில் புது செயின். பழைய செயின் நீண்டு, அதே அளவுக்குப் பல்லும் தேஞ்சு, ரெண்டும் ஒத்துப்போய் ஓடிக்கிட்டிருந்தது. புது செயினின் கண்ணி சரியாக அரை இன்ச். பல்லின் பள்ளமோ நீண்ட செயினுக்கு ஏற்ப அகண்டு, பின்பக்கம் சாய்ந்துவிட்டது. ரோலர் அடியில் உட்காராமல் சரிவில் ஏறி நிற்கும், அழுத்தினால் தாண்டும்.

7-ல் மட்டும் ஏன்? ஹப் மோட்டார் வண்டியில் பெரும்பாலோர் செய்யும் காரியம்தான். மோட்டார் இழுக்கிறதே என்று 7-லேயே கிளம்பி, 7-லேயே ஓட்டி, 7-லேயே நிறுத்துவார்கள். மோட்டாரின் இழுவை செயின் வழியாகப் போவதில்லை, நேரே சக்கரத்துக்குப் போகிறது. ஆனால் நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது பெடல் சென்சார் விழித்துக்கொள்ளும் வரை முழு பாரமும் 14 பல்லின் மேல்தான். அதிலும் ஒரு நேரத்தில் செயினைப் பிடிப்பது பாதிப் பல், ஏழோ என்னமோ. 24 பல் சக்கரம் பத்து வருஷம் இருக்கும், 14 மட்டும் கத்திமுனை ஆகிவிடும்.

இது ஊகமாகவே இருக்க வேண்டாம், அளந்து பாருங்கள். பழைய செயினை வைத்திருந்தால் தொங்கவிட்டு, இன்ச் போட்ட ஸ்டீல் ஸ்கேலை ஒரு பின்னின் நடுவில் 0 வரும்படி வையுங்கள். புது செயினில் 24 கண்ணி தள்ளி வரும் பின் சரியாக 12 இன்ச்சில் நிற்கும். 1/16 இன்ச் தள்ளி நின்றால் 0.5 சதவீதம் நீண்டிருக்கிறது. 7, 8 கியர் செயினை 0.75-க்குள் மாற்றினால் ஃப்ரீவீல் பிழைக்கும். 1/8 இன்ச் தள்ளியிருந்தால் 1 சதவீதம். அப்போது ஃப்ரீவீலும் சேர்ந்து போச்சு.

இன்னொன்றையும் பிரித்துப் பாருங்கள். தாவும்போது செயின் பல்லின் மேல் ஏறி விழுந்தால் தேய்மானம். செயின் பல்லை விட்டு எழாமலே, பெடல் வெறுமையாக 'பொதக்'கென்று இறங்கினால் ஃப்ரீவீலுக்குள் ஸ்பிரிங்கில் நிற்கும் கொக்கி பிடிக்கவில்லை. இரண்டுக்கும் மருந்து புது ஃப்ரீவீல்தான். ஆனால் இரண்டாவதுதான் ஆபத்தானது. எழுந்து மிதிக்கையில் ஆளைக் கீழே தள்ளும். அதுவரை உட்கார்ந்தே மிதியுங்கள்.

டிக் சத்தத்துக்கு முதலில் பின் சக்கரத்தைத் தூக்கி வைத்து, த்ராட்டில் (கைப்பிடியில் மோட்டாரை இயக்கும் விசை) இருந்தால் அதை மட்டும் கொடுங்கள். பெடல் அசையாமலே சத்தம் வந்தால் மோட்டாருக்குள் இருக்கும் நைலான் பல்லையோ அதன் கிளட்சையோ பார்க்கணும். பேட்டரியை அணைத்துவிட்டுக் கையால் பெடலைச் சுற்றும்போது வந்தால் செயின் பக்கம். அப்படியானால் எத்தனை பெடல் சுற்றுக்கு ஒரு தடவை வருகிறது என்று எண்ணிச் சொல்லுங்கள்.

பேட்டரி சந்தேகம் என்றால் சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) இருக்கிற ஊரில் ஆளுக்குப் பஞ்சமில்லை. செயினுக்குத்தான் நாமே எண்ண வேண்டியிருக்கு.

பல்லுச்சக்கரம்:

ரெண்டாவது பிரச்சினைக்கு நான் சொல்றேன். பெரிய பல்லுக்கு உடனே ஏறி, சின்னதுக்கு இறங்க லேட்டானா அது கேபிள். ஏத்தும்போது உங்க கட்டைவிரல் இழுக்குது, அழுக்கு இருந்தாலும் இழுத்துடும். இறங்கும்போது இழுக்கிறது டீரெய்லர் (செயினைப் பல் விட்டுப் பல் தள்ளுற கை) ஸ்பிரிங் மட்டும்தான். அவுட்டருக்குள்ள (கேபிளோட வெளிக்குழாய்) செம்மண் சேறு காஞ்சிருந்தா ஸ்பிரிங்குக்கு அவ்வளவு பலம் பத்தாது. கேபிள் இழுப்பைக் கூட்டிக் குறைக்கிற பேரல் அட்ஜஸ்டரைத் திருகித் திருகிப் பார்த்தா ஒரு பக்கம் சரியாகும், இன்னொரு பக்கம் கெட்டுப்போகும். அந்த விளையாட்டுக்குப் போகாதீங்க.

பின் டீரெய்லருக்குப் போற கடைசி வளைவுத் துண்டுதான் முக்கால்வாசி குற்றவாளி. வாய் முன்னாடியும் மேலேயும் பார்த்து இருக்கும், டயர் அடிக்கிற சேறு நேரா உள்ளே போகும். 4 மி.மீ. கியர் அவுட்டர், 1.2 மி.மீ. இன்னர் (உள் கம்பி) வாங்குங்க. பிரேக் அவுட்டர் 5 மி.மீ.; அதைக் கியருக்குப் போட்டா அழுத்தத்துல சுருங்கும், கியர் நிக்காது. வெட்டினதும் உள்குழாய் நசுங்கியிருக்கும். ஆணி முனையை விட்டு வாயைத் திறந்து, நுனியில மூடி போடுங்க. உள்ளே கிரீஸ் அடைக்காதீங்க, அது மண்ணைப் பிடிச்சு வைக்கும்.

கேபிள் மாத்தினதும் செட்டிங்: லீவரை 7-ல வச்சு, பேரலை முழுசா உள்ளே திருகி ஒரு சுத்து வெளியே எடுங்க. பின்னாடி நின்னு பார்த்தா டீரெய்லரோட மேல் சின்னச் சக்கரத்தோட நடுக்கோடு 14 பல்லோட வெளி ஓரத்துக்கு நேர் கீழே வரணும். அதுக்கு டீரெய்லர்ல H போட்ட எச் திருகு. அப்புறம் கேபிளை விறைப்பா இழுத்து போல்ட்டை 5-லேர்ந்து 7 நியூட்டன் மீட்டர் டைட் வைங்க. ஒரு கிளிக் தட்டி பெடலைச் சுத்துங்க. 6-க்கு ஏறலைன்னா பேரலைக் கடிகாரத்துக்கு எதிரா கால் சுத்து. ஏறி, அடுத்த பல்லையும் உரசினா கடிகாரத் திசையில கால் சுத்து. கால் கால் சுத்தாத்தான், அரைச் சுத்துக்குப் போகாதீங்க. L போட்ட எல் திருகு, செயின் பெரிய பல்லைத் தாண்டி ஸ்போக்ஸ்ல விழாம இருக்க. மோட்டார் சக்கரத்துல அது ரொம்ப முக்கியம், அந்தப் பக்கம் ஸ்போக்ஸ் அறுந்தா கட்டறது கஷ்டம்.

இவ்வளவும் செஞ்சு நடுக் கியர்ல மட்டும் தகராறுன்னா ஹேங்கர் (டீரெய்லர் மாட்டுற ஃப்ரேம் காது) வளைஞ்சிருக்கு. நம்ம பக்கம் சீமைக் கருவேலக் குச்சி ஒண்ணு செயினுக்குள்ள மாட்டினாப் போதும், டீரெய்லரை உள்ளே இழுத்துடும். டீரெய்லரைக் கழட்டிட்டு, 10 மி.மீ. ஆக்ஸில் உள்ள வேற சைக்கிள் பின் சக்கரத்தை அந்த ஹேங்கர் மரையிலயே திருகிப் பாருங்க. மரை ரெண்டுக்கும் ஒண்ணுதான். ரெண்டு சக்கரமும் சுத்திலும் இணையா நின்னா ஹேங்கர் நேர். ஆக்ஸில் நட்டோட சேர்த்துப் பிடிக்கிற பட்டை வச்ச டீரெய்லர்னா இந்த வேலை இல்லை, அந்தப் பட்டையை மட்டும் பார்த்துக்கங்க.

கண்மாய்க்கரை:

அளந்துட்டேன் அண்ணே. பழைய செயின் 12 இன்ச்சைத் தாண்டி 1/8-க்கு மயிரிழைதான் கம்மி. புது செயின் கரெக்டா 12. நடுப்பகுதி சக்கரத்தோட நிக்குது, ஃப்ரீவீல்தான். தாவும்போது செயின் மேலே ஏறி விழறது கண்ணுக்கே தெரியுது. கடைசி வளைவு அவுட்டரை உருவினா உள்ளேர்ந்து செம்மண் பொடியா கொட்டுது.

டிக் சத்தம் பேட்டரி ஆஃப்லயும் வருது. 42-ல வச்சு எண்ணினேன். 8 பெடல் சுத்துல 3 தடவை.

ஃப்ரீவீலை நானே கழட்டலாமா? மோட்டார் ஒயர் அந்தப் பக்கம்தான் வருது. அப்புறம் 14-34 போட்டா நல்லதா?

செம்புராங்கல்:

8 சுற்றில் 3 தடவை என்றால் இறுகின கண்ணி. உங்கள் செயின் 112 கண்ணி இருக்கும். 42 பல்லில் அது ஒரு முழுச்சுற்று வர 2.67 பெடல் சுற்று, அதாவது 8 சுற்றில் 3 தடவை. கணக்கு அப்படியே பொருந்துகிறது. செயின் கட்டரால் பின்னை அழுத்திச் சேர்த்த இடமாக இருக்கலாம். பெடலை மெதுவாகப் பின்னோக்கிச் சுற்றி, டீரெய்லரின் கீழ்ச் சக்கரத்தைத் தாண்டும்போது எந்தக் கண்ணி விறைத்து நிற்கிறது என்று பாருங்கள். அந்த இடத்தைப் பக்கவாட்டில் இரண்டு கையாலும் லேசாக முன்னும் பின்னும் வளைத்தால் இளகும். அடுத்த தடவை பின்னை அழுத்திச் சேர்க்காமல் 7/8 ஸ்பீடு குயிக் லிங்க் (கழட்டி மாட்டும் இணைப்புக் கண்ணி) போடுங்கள். 9 ஸ்பீடு லிங்க் குறுகல், அந்தச் செயினில் உட்காராது.

14-34 வேண்டாம். உங்கள் 14-28-ல் பல் வரிசை 14-16-18-20-22-24-28 ஆக இருக்கும். ஷிமானோவின் 7 கியர் 14-34-ல் முதல் ஆறு பல்லும் அதேதான், 24-லிருந்து ஒரே தாவாக 34. இங்கே ஏற்றம் என்றால் கண்மாய்க்கரையும் ரயில்வே மேம்பாலமும்தான். அதற்கு உங்கள் முன் செயின்வீலில் 24 பல் சும்மாவே கிடக்கிறது. பிடிவாதமாகப் போடுவதானால் செயின் நீளத்தைக் கவனியுங்கள். 42-28-க்கு வெட்டின செயின் 42-34-க்குக் குட்டை. தவறி அந்தக் கியருக்குத் தட்டினால் டீரெய்லர் முறியும். முன்னால் பெரியது, பின்னால் பெரியது, டீரெய்லர் வழி விடாமல் சுற்றி, சேரும் இடத்திலிருந்து இன்னும் 2 கண்ணி. அதுதான் குறைந்தபட்ச நீளம்.

11 பல் ஆசைக்கும் ஒரு கணக்கு. 27.5 × 2.1 டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2.15 மீட்டர் போகும். 42-14-ல் ஒரு பெடல் சுற்றுக்கு 6.45 மீட்டர், 25 கி.மீ. வேகத்துக்கு நிமிஷத்துக்கு 65 சுற்று மிதித்தால் போதும். 80 மிதித்தால் 31 கி.மீ. 25-ல் மோட்டார் விட்டுவிடும், அதற்குமேல் உங்கள் கால்தான். 42-11 போட்டால் அதே 25-க்கு 51 சுற்று. முட்டிக்குத்தான் கேடு, தேய்மானமும் 11 பல்லில் இன்னும் சீக்கிரம்.

ஆகவே அதே 14-28, எஃகுப் பல். பல்லுச்சக்கரம், கழட்டும் முறையை நீங்கள் எழுதுங்கள்.

பல்லுச்சக்கரம்:

தாராளமா கழட்டலாம், அவசரப்படாம.

பேட்டரியை உருவிடுங்க. மோட்டார் பிளக்ல அம்புக்குறி இருக்கும், திருகாம நேரா இழுங்க. உள்ளே 9 ஊசி, ஒண்ணு வளைஞ்சாலும் மோட்டார் நடுங்கும். ஒயரைக் கட்டின டேக்கையெல்லாம் வெட்டிட்டு, நட்டைத் தொடறதுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் போட்டோ எடுத்துக்கங்க. நாக்கு வச்ச வாஷர் எந்தப் பக்கம், எந்த வரிசைன்னு பின்னால நினைவு இருக்காது. நட்டு பெரும்பாலும் 18 ஸ்பேனர், சிலதுல 19.

டூல் தான் சிக்கல். 12 வரி உள்ள ஃப்ரீவீல் டூல், ஆனா சாதாரண சைக்கிளுக்கு விக்கிறதோட துளை 10 மி.மீ. ஆக்ஸிலுக்கு. மோட்டார் ஆக்ஸில் 12. உங்களுக்கு அந்த பிளக்கும் துளை வழியா வரணும். அதனால வாங்கும்போதே ஹப் மோட்டாருக்கான அகலத் துளை டூல்னு கேளுங்க. லேத் பட்டறையில துளையைப் பெரிசு பண்ணலாம்தான், ஆனா கடினப்படுத்தின எஃகு, கார்பைட் முனை இல்லாம வெட்டாது.

பட்டறை வைஸ்ல டூலை மேலே பார்த்துப் பிடிச்சு, சக்கரத்தை அது மேல படுக்க வைங்க. ஒயர் வைஸ் தாடைக்கு நடுவுல மாட்டாம, துளை வழியா கீழே தொங்கட்டும். ரெண்டு கையாலயும் டயரைப் பிடிச்சு, மேலேர்ந்து பார்க்கக் கடிகாரத்துக்கு எதிர்ப்பக்கம் ஸ்டியரிங் மாதிரி திருப்புங்க. 3,400 கி.மீ. மிதிச்சு மிதிச்சே இறுகியிருக்கும், முதல் அசைவுக்கு ரெண்டு ஆள் வேணும். ஸ்பேனர் போட்டுச் சுத்தியலால அடிக்கிற வேலை வேண்டாம், ஹப் கூடு அலுமினியம்.

புதுசு போடும்போது மரையைத் துடைச்சு கிரீஸ் தடவி, கையாலயே திருகணும். முதல் மூணு நாலு சுத்து விரலாலயே போகணும். இறுகினா நிறுத்திப் பின்னாடி எடுங்க. கோணலா ஏறினா மரை போச்சு, மோட்டார் கூடே போச்சு. டூலால டைட் பண்ணத் தேவையில்லை, மிதிச்சா தானா இறுகும். அகலம் அதே 7 கியராவே இருக்கட்டும். 8 ஸ்பீடு ஃப்ரீவீல் ஏறும், ஆனா ஏறக்குறைய 4 மி.மீ. வெளியே வந்து சின்னப் பல் ஃப்ரேமை உரசும். வாஷர் போட்டுத் தள்ளினா சக்கரம் நடுவை விட்டு விலகும்.

திருப்பி மாட்டும்போது நாக்கு வாஷர் ஃப்ரேம் வெட்டுக்குள்ள முழுசா உட்காரணும். நட்டு 40 நியூட்டன் மீட்டர் சுமாரா. இது லூஸா இருந்தா மோட்டார் ஆக்ஸிலையே சுத்தி ஒயரை முறுக்கி அறுத்துடும். ஒயரை கீழே ஒரு வளைவு விட்டுக் கட்டுங்க, மழைத்தண்ணி அந்த வளைவுல சொட்டிடும், ஆக்ஸிலுக்குள்ள ஓடாது.

தைலமரக்காடு:

ஃப்ரீவீல் மாற்றுவது சரி. எண்ணெயை மாற்றாவிட்டால் அடுத்த 3,400-ல் இதே கேள்வி வரும்.

நம் செம்மண்ணில் சிவப்பைக் கொடுப்பது இரும்பு ஆக்சைடு, அது நுண்பொடி. அறுப்பது அதோடு கலந்த குவார்ட்ஸ் மணல். எண்ணெய் ஒழுக ஒழுகச் செயினில் விட்டால் இரண்டும் சேர்ந்து சாணைப்பசை ஆகி, பின்னுக்கும் ரோலருக்கும் நடுவே போய் அறுக்கும். செயின் 'நீளுவது' என்பது உண்மையில் இரும்பு நீளுவதில்லை, பின் தேய்வது. பழைய இன்ஜின் ஆயில் இன்னும் மோசம், உள்ளே ஏற்கனவே உலோகப் பொடி இருக்கு.

தை முதல் புரட்டாசி வரை மெழுகுதான் சரி. செயினை மண்ணெண்ணெயில் மூன்று தடவை அலசி, கடைசியில் ஸ்பிரிட்டில் அலசிக் காயவையுங்கள். கால் கிலோ பாரஃபின் மெழுகைச் சின்னப் பாத்திரத்தில் போட்டு, அதைத் தண்ணீர் கொதிக்கும் பெரிய பாத்திரத்துக்குள் வைத்து உருக்குங்கள். நேரடித் தீயில் வைத்தால் பற்றிக்கொள்ளும். செயினைப் பத்து நிமிஷம் மூழ்கவிட்டு ஆட்டினால் குமிழி வருவது நிற்கும். எடுத்துத் தொங்கவிட்டு, ஆறியதும் ஒவ்வொரு கண்ணியையும் மடக்கி உடையுங்கள். 250, 300 கி.மீ.க்கு ஒரு தடவை.

பல்லுச்சக்கரம்:

மெழுகு நல்லதுதான், யார் இல்லைன்னா? ஆனா ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில ஒரே ஒரு கண்மாய்த் தண்ணி தாண்டினா மெழுகு போய், மறுநாள் காலையில செயின் துரு. அந்த மூணு மாசம் செயின் ஆயில்தான். ஒவ்வொரு ரோலருக்கும் ஒரு சொட்டு, பத்து நிமிஷம் விட்டு, வெளிப்பக்கம் காய்ஞ்ச மாதிரி ஆகிற வரை துணியால துடைக்கணும். துடைக்கிறதுதான் வேலையே, விடறது இல்லை. தையல் மெஷின் எண்ணெய் தண்ணி மாதிரி, ஒரு நாள் தாங்காது.

வாட்டர் சர்வீஸ் மட்டும் வேண்டவே வேண்டாம். பிரஷர் தண்ணி ஆக்ஸில் ஓட்டை வழியா மோட்டாருக்குள்ள போகும், ஃப்ரீவீல் பால்ரஸ் கிரீஸையும் கழுவிடும்.

தைலமரக்காடு:

ஐப்பசிக்கு ஒப்புக்கொள்கிறேன். மெழுகிலிருந்து ஆயிலுக்கு மாறும்போது மட்டும் கொதிநீரில் ஒருமுறை அலசிக் காயவைத்துவிட்டு ஆயில் விடுங்கள். மெழுகு மேல் ஆயில் விட்டால் கறுப்புக் கூழ்.

செம்புராங்கல்:

மிட் டிரைவ் கேள்வி விட்டுப்போச்சு. அதில் மோட்டார் இழுவையும் செயின் வழியாகவே போகும். கால் பலமும் மோட்டார் பலமும் சேர்ந்து அதே பல்லில் விழும், செயின் தேய்வது கூடும், குறையாது. பஃபாங் பிபிஎஸ்02 மாதிரி கிட், 68 முதல் 73 மி.மீ. மரை வச்ச பாட்டம் பிராக்கெட்டில் (பெடல் அச்சு போகும் ஃப்ரேம் குழாய்) தான் ஏறும். கியர் மாற்றும்போது மோட்டாரை நொடி நேரம் நிறுத்தும் கியர் சென்சார் தனியாகப் போடணும். இல்லாவிட்டால் பாரத்தோடு மாறிப் பல் உடையும். 750 வாட் கிட் போட்டால் பதிவு, லைசென்ஸ் இல்லாமல் ஓட்டும் சலுகையும் போய்விடும். அது 250 வாட்டுக்குக் குறைவு, 25 கி.மீ. வேகத்துக்குள் என்ற வரம்புக்குத்தான். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி ஏறணும் என்றால் மிட் டிரைவுக்கு அர்த்தம் உண்டு. அங்கே ஹப் மோட்டார் மெதுவாகச் சுற்றிச் சூடேறி நைலான் பல்லைத் தின்றுவிடும். காரைக்குடிக்குத் தேவையில்லை.

காசு செலவழித்தே தீரணும் என்றால் இரண்டு இடம். ஒன்று பின் டீரெய்லர். ஷிமானோ ஆல்டஸ் ஆர்டி-எம்310 போடலாம். உங்கள் கியர் ஷிமானோ லீவர் என்றால் 7 கியர் லீவரை மாற்றாமலே வேலை செய்யும், 6 முதல் 9 ஸ்பீடு வரை எம்டிபி டீரெய்லருக்குக் கேபிள் இழுப்பு அளவு ஒன்றுதான். இன்னொன்று முன்னால் ஒற்றைச் செயின்வீல், 38 பல், ஒன்றுவிட்டு ஒன்று தடித்த பல் உள்ளது. 38-14-ல் 25 கி.மீ.க்கு 71 சுற்று, வசதியான வேகம். ஆனால் உங்கள் மூன்று செயின்வீலும் ரிவெட் அடித்தவையாக இருக்கும், பெடல் மாட்டும் கிராங்கையே மாற்றணும். 104 மி.மீ. நாலு போல்ட் கிராங்க், செயின்வீல் பழைய நடு வீல் இருந்த கோட்டில் வரணும். இதைச் செய்தால் மட்டும் 14-34 பற்றி யோசிக்கலாம்.

கண்மாய்க்கரை:

14-28, கேபிள், அவுட்டர், குயிக் லிங்க் நாலும் எழுதி வச்சுட்டேன். கிராங்க் இப்போ வேண்டாம். வருங்காலத்துல கிராங்க் கழட்டினா பெடல் சென்சார் ஒண்ணும் ஆகாதே?

பல்லுச்சக்கரம்:

கிராங்கை உருவுற புல்லர் டூலை முழுசா மரையில ஏத்திட்டு இழுங்க, பாதி ஏறினப்போ இழுத்தா மரை உரிஞ்சுடும். உள்ளே காந்தம் பதிச்ச வட்டத் தகடு வரும். எந்த முகம் சென்சாரைப் பார்த்து இருந்ததோ அதே முகம். திருப்பிப் போட்டா பெடலைப் பின்னால சுத்தும்போதுதான் மோட்டார் ஓடும். சென்சாருக்கும் தகடுக்கும் நடுவுல 2, 3 மி.மீ. இடைவெளி. இப்போதைக்கு டூல் துளையை மட்டும் கடையிலயே பிளக்கை விட்டுப் பார்த்து வாங்குங்க.